எவ்வளவு இறக்கினால் நீ வருவாய்

மச்சான்,

காலையில் கண்டி டவுனில் பிரிண்ட் எடுத்த உன் படம் மடியில் இருக்கிறது. மை வாசம் இன்னும் போகவில்லை. கலஹா பஸ்ஸில் உங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன், திருப்பிக் கொண்டுவருகிறேன். உன் அம்மா வேண்டாம் என்றுவிட்டார். நாளை மறுநாள் உன் பதினாறாம் நாள் காரியம். மாலை போட ஒரு படம் இல்லை!

இத்தனைக்கும் உன்னை அதிகம் படம் பிடித்தவன் நான்தான்.

உனக்கு நான் எப்பேர்ப்பட்ட ரசிகன்! கண்ணாடி வெடித்த ஃபோனில், கொழுந்துக் கூடையோடு பனிமூட்டத்துக்குள் நடக்கும் உன் அம்மாவை எடுத்துப் போட்டாயே, அதைப் பார்த்துத்தான் முன்பின் தெரியாத உனக்கு மெசேஜ் அனுப்பினேன். பிறகு நான் கேமரா வாங்கினேன். வீடியோ வீடியோவாகப் பார்த்துப் படித்தேன். உன்னிடம் மட்டும் எதையும் கேட்டுப் படிக்கவில்லை.

முதல் தடவை உன்னைத் தேயிலைக்குள் நிறுத்தி, கேமராவின் ஒளி மீட்டரை முகத்தில் வைத்து, அது காட்டிய அளவிலேயே எடுத்தேன். ஸ்கிரீனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய்.

“யாருடா இந்தக் கொழும்பு மாப்புள?”

“சரியான எக்ஸ்போஷர்டா. கிராஃபைப் பாரு, நட்ட நடுவுல நிக்குது.”

“நான் கறுப்புடா. வெளிச்சத்த ஒரு ஸ்டொப் எறக்கு.”

“எறக்கினா தப்பாகிரும்.”

“அந்த கிராஃபுக்கு என்னையத் தெரியுமா? ஒனக்குத் தெரியும்ல. பாத்து எடு.”

நான் பார்க்கவில்லை. முன்னால் இருப்பது எதுவானாலும் நடுத்தரச் சாம்பல் என்றுதான் மீட்டர் எண்ணிக்கொள்ளும். கறுப்பைக் கண்டால் வெளுப்பாக்கிவிடும். பரீட்சையில் கேட்டால் எழுதியிருப்பேன். ஆனாலும் கண்ணை விட்டுவிட்டு எண்ணை நம்பினேன். ஃபோட்டோ குரூப்பில் போட்டு, “ஸ்கின் டோன் சூப்பர்” என்று வந்த கமெண்டையெல்லாம் ஸ்கிரீன்ஷொட் எடுத்து உனக்கே அனுப்பினேன். அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படமும் அதே கணக்குத்தான்.

ஒரு வாரக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன் ஃபோனில் ஊரே இருக்கிறது, நீ இல்லை. அடையாள அட்டைப் படத்தையும் ஸ்டூடியோவில் வெளுப்பாக்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அம்மா என்னிடம் கேட்டார்.

இன்று படத்தை வாங்கியதும் உள்ளங்கையால் துடைத்தார். தூசி படிந்திருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ. திரும்பவும் துடைத்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எம்புள்ள நெறம் இல்லையே.”

லெப்டொப்பைத் திறந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன்.

“இன்னும் தம்பி… இன்னும்… ஆங், நிப்பாட்டுங்க.”

நிறுத்தினேன். உற்றுப் பார்த்தார்.

“இல்ல, கூடிருச்சு. கொஞ்சம் ஏத்துங்க.”

ஏற்றினேன். இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். உன் நிறம் எந்த இடத்தில் நிற்கும் என்று எனக்கும் தெரியவில்லை. எத்தனை நாள் உன் எதிரில் நின்றிருக்கிறேன்! கடைசியில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மூடுங்க தம்பி. பாக்கப் பாக்க எனக்கே அவன் மொகம் மறந்துரும் போல இருக்கு. படம் வேணாம். சும்மாவே காரியத்தச் செஞ்சிருவோம்.”

மூடினேன். அவரிடம் இருந்த உன்னையும் கலைத்துவிட்டு வந்திருக்கிறேன், மச்சான்.

பஸ் பேராதனையை நெருங்குகிறது. கண்ணை மூடிக்கொண்டு, தேயிலைக்குள் நின்று சிரித்த உன்னை ஒரே ஒரு தடவை, நீயாகவே, பார்த்துவிடப் பார்க்கிறேன்.

வருகிறாய். வெளுத்துப்போய், சரியான எக்ஸ்போஷரில் வருகிறாய்.