மொசைக் கிடக்கட்டும்

சேசுவுக்கே தோத்திரம்.

20.3.2017

அன்பு மகன் பிரைட்டனுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீ சுகமாக இருப்பாய், மாதா துணை இருப்பாள். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன். அப்பாவுக்கு மூட்டு வலி குறையவில்லை, ஆனாலும் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகாமல் இருக்க மாட்டார், வீட்டில் இருந்தால் நம்மை விட்டுப் போன அபினா பிள்ளையின் ஓர்மை வருகிறது என்கிறார். நீ கேட்ட நெத்திலிக் கருவாட்டையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் லீவு முடிந்து அங்கே திரும்புகிற ஜேசுதாஸ் கையில் கொடுத்துவிடுகிறேன், இந்தக் கடுதாசியும் அந்தப் பொதிக்குள்தான் இருக்கும். போன் இருக்கும்போது அம்மாவுக்கு என்ன கடுதாசி என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது கிடந்துபோகும். அஞ்சாம் கிளாஸ் எழுத்துதான், கூட்டி வாசித்துக்கொள். வீட்டு வேலை விஷயம் கடைசியில் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நானும் ஜெமியும் இரணியலில் ரயில் ஏறித் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் நான் பார்த்ததை நான் சொல்ல வேண்டும். உன் பெண்டாட்டி ரெண்டு தடவை உண்டாகிக் கலைந்துபோனவள், இப்போது ஊசி போட்டுப் போட்டு வயிறு நீலம் பாய்ந்து கிடக்கிறது, நீ பார்க்கவில்லை, நான்தான் ஐஸ் ஒற்றிக் கொடுக்கிறேன். உங்கள் ரெண்டு பேரிடமிருந்தும் எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த கரு நாலு. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு கிள்ளி எடுத்து, குரோமோசோம் சரியாக இருக்கிறதா என்று மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று சரியில்லை, வைத்தாலும் தங்காது என்று டாக்டரம்மா சொன்னார். மீதி ஒன்றை மொசைக் என்றார். எனக்கு நம் முன்னறைத் தரைதான் மனசில் வந்தது. ஏட்டி ஜெமி, தரைக்குப் போடுத மொசைக்கு கருவுக்குள்ள எப்பிடிட்டி போச்சு என்று கேட்டுவிட்டேன். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியும், சிரித்துவிட்டார், ஜெமியும் சிரித்தாள், அபினா போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதே மொசைக்தான் அம்மா என்று டாக்டரம்மா ஒரு தாளில் புள்ளி புள்ளியாகப் போட்டுக் காட்டினார், கருவில் சில அணு நல்லது, சிலது கோளாறு, வெள்ளைக் கல்லும் கறுப்புக் கல்லும் கலந்து கிடக்கிற மாதிரி. கோளாறு இருப்பது இருபத்தொன்றாம் நம்பர் குரோமோசோமில். அபினாவுக்கு ஒன்று கூடுதலாக இருந்ததே, அதே நம்பர். சாதாரணமாக இதை நாங்கள் வைப்பதில்லை, தங்காமலும் போகலாம், நல்ல பிள்ளையாகவும் பிறக்கலாம், கோளாறோடும் பிறக்கலாம், யாரும் உறுதி சொல்ல முடியாது, புருஷனும் பெண்டாட்டியும் பேசி ஈஸ்டருக்கு முன்னால் சொல்லுங்கள் என்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வெளியே கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்த பெண்தான், குவாலிட்டி இல்லம்மா, விட்டுட்டு அடுத்த தடவை பாக்கலாம் என்று, தேங்காயைத் தட்டிப் பார்த்துத் தள்ளி வைக்கிறவள் மாதிரிச் சொன்னாள்.

ஊரில் வந்து இறங்கினால் அன்பியச் செபக்கூட்டத்துத் தலைவி நேசம்மாள் நம் வாசலில் நிற்கிறாள், செபம் சொல்ல வந்தாளாம். அவளுக்கு யார் சொன்னார்களோ. எல்லாத்தையும் பாக்கானுவல்லா செசிலி, அப்பம் ஆம்பிளப் பிள்ளையா பாத்து ஒண்ண எடுத்து வைக்கச் சொல்லப்பிடாதா என்று காதோடு கேட்கிறாள். அது சட்டப்படி குற்றம் என்று ஆஸ்பத்திரியில் போர்டே வைத்திருக்கிறது. இது என்ன சந்தையில மீனு வாங்குததாட்டி, செவுளத் தூக்கிப் பாத்து எடுக்கதுக்கு என்று கேட்டேன். முகம் கறுத்துப்போய், குழாய்ப் பிள்ளை எல்லாம் பாவம்னு சாமியாரு சொல்லுதாரு, நமக்கென்ன என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். ஆம்பிளையாக எடுத்து வைத்தால் மட்டும் பாவமில்லை போலிருக்கிறது. இவள்தான் அபினாவின் அடக்கத்தன்று, நான் கல்லறையில் மண் போட்ட கையைக் கழுவும் முன்னே, நல்லதாப் போச்சு செசிலி, ஒனக்கொரு பாரம் எறங்கிச்சு என்றவள். அன்றைக்கு அவள் தந்த காப்பி தொண்டைக்குள் போகவில்லை, ஓங்கரித்துக்கொண்டு வந்தது. இன்றுவரை அவள் வீட்டுப் பண்டம் எனக்கு இறங்காது.

அவளை விடு மக்கா, அவள் ஊராள். நீ சொன்னதைத்தான் என்னால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அன்று சாயங்காலம் ஜெமி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள், நான் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டு நின்றேன். அவள் எல்லாம் சொல்லி முடித்ததும், இன்னொரு அபினா நமக்கு வேண்டாம், களஞ்சிரச் சொல்லு என்றாய். அதுவும் கொட்டாவி விட்டுக்கொண்டு சொன்னாய். நான் கேட்டுக்கொண்டு நிற்பது உனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பாய், அதை நினைக்கத்தான் இன்னும் அறப்பாக இருக்கிறது. மீன் குடலைக் களைகிறோம், அழுகின தேங்காயைக் களைகிறோம், அந்தச் சொல்லோடு என் பிள்ளையின் பேரைச் சேர்க்க உன் நாக்கு எப்படி வளைந்தது. பெற்ற மகன் மேலேயே இப்படி அறப்பும் அருவருப்பும் வரும் என்று யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் விளக்குமாற்றால் அடித்திருப்பேன். வந்தது மக்கா. சாளையை அப்படியே சட்டியில் போட்டுவிட்டுப் பின்வாசலில் போய் நின்றேன், பூனை வந்து பாதியைத் தின்றுவிட்டுப் போனது, விரட்டத் தோன்றவில்லை.

நீ இப்படிப் பேசுகிறவன் இல்லை, அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். உன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது ஜெமியின் பெரியப்பா வந்து அபினாவைக் காட்டி, இந்தப் பிள்ளைய கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க, படம் சரியா வராது என்றார். நீ அவளை இழுத்து உனக்கும் ஜெமிக்கும் நடுவில் நிறுத்தி, இப்பம் எடுங்க, இப்பம்தான் சரியா வரும் என்றாய். அந்தப் படம் சுவரில் தொங்குகிறது, அவள் நாக்கை நீட்டிக்கொண்டு உன் கோட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உன் போன் வந்தால் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அண்ணே அண்ணே என்று கத்துவாள், நீ பேசுவது கேட்காது, ஆனாலும் வைக்க விடமாட்டாள். கடைசி மாசம் மூச்சு இரைக்கும்போதும் முன்னறை மொசைக்கில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு கறுப்புக் கல்லை நகத்தால் தோண்டுவாள், புளியங்கொட்டை என்று நினைப்பு. வரவில்லை என்றதும் தரைக்கு ஓர் அடி கொடுத்துவிட்டுச் சிரிப்பாள். அவளை வளர்த்தது சுலபம் என்று நான் சொல்லவில்லை. மெடிக்கல் காலேஜ் வராந்தாவில் பாய் விரித்துக் கிடந்தது நானும் அப்பாவும்தான், பத்தொன்பது வயதில் அவள் நெஞ்சு நின்றது என் கைக்குள்தான். அந்தப் பாடு இன்னொருத்திக்கு வர வேண்டாம் என்று முழங்காலில் நிற்கிறவள் நான். அதனால் அந்தக் கருவை வை என்று சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். வயிறு ஜெமியுடையது, வளர்க்கப் போகிறவர்கள் நீங்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். நான் தூரத்தில் கிடக்கிறேன், நீ தனியாக எப்படிச் சமாளிப்பாய் என்று அவளிடம் கேள். அதெல்லாம் மனுஷன் பேச்சு, அதைக் கேட்டு எனக்கு அறப்பு வராது.

நீ போனை வைத்த பிறகு ஜெமி மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம் வந்து, மாமி, நாளைக்கு எனக்கொரு கொறவு வந்தா என்னையும் களஞ்சிரச் சொல்லுவாவளோ என்று கேட்டாள். மாட்டான் என்று சொல்ல வேண்டியவள், அதற்குப் பதில் அவள் கையிலிருந்த துணியை வாங்கி மடித்து வைத்தேன். அந்தப் பதிலை நீதான் சொல்ல வேண்டும். அவளைக் கூப்பிடு, ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக் கேட்கச் சொல், முதலில் அவள் மனசைக் கேள், பிறகு உன்னுடையதைச் சொல். வேண்டாம் என்று ரெண்டு பேரும் முடிவு செய்தாலும் நான்தான் அவளோடு ரயில் ஏறுவேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன். ஆனால் காரணத்துக்கு அபினாவின் பேரை எடுக்காதே. அவள் உன் தங்கச்சி.

வெயிலில் அலையாதே, பிரஷர் மாத்திரையை விடாதே, தவசுக் காலம், வெள்ளிக்கிழமை பூசைக்குப் போ. கருவாட்டை ரூமில் எல்லோருக்கும் கொடு, பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. உன் நெற்றியில் சிலுவை வரைகிறேன் மக்கா, கோபம் ஒரு பக்கம் கிடக்கட்டும், ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. வீட்டு வேலை என்று சொன்னேனே, முன்னறைத் தரையை உடைத்து டைல்ஸ் போட நீ ஏற்பாடு செய்த ராஜையன் மேஸ்திரி நேற்று அளவெடுக்க வந்தார். பால் மாதிரி வெள்ளையாக, ஒரு புள்ளி இல்லாமல் இருக்கும் அக்கா என்று ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். மொசைக் கிடக்கட்டும்.

உன்னையும் அபினாவையும் பெற்ற
அம்மா செசிலி