பழகின கை

டீச்சரம்மாவுக்கு,

பேரைச் சொல்லி எழுத இன்னைக்குக் கை வரல.

நேத்து என் பொண்ணு லவினா, நீ நடத்துற கைவேலை வகுப்புல தானே கட்டின துடைப்பத்தோட வீட்டுக்கு வந்தா. நல்லாத்தான் கட்டியிருக்கா. மத்த பொண்ணுங்க இன்னா பண்ணாங்கன்னு கேட்டேன். மணி கோக்குறது, பூத்தையல், பனையோலைப் பெட்டியாம். துடைப்பம் எங்க சுரங்க லைன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டுந்தானாம். "உங்களுக்கெல்லாம் கை பழகியிருக்கும், சீக்கிரம் வந்துடும்"னு சிரிச்சிகினே சொன்னியாம்.

எங்க வீட்ல யாருக்குடி பழகியிருக்கு? எங்கப்பாவும் உங்கப்பாவும் ஒரே கேஜ் கூண்டுலதான் சுரங்கத்துல இறங்கினாங்க. எங்க வீட்டைப் பெருக்குற துடைப்பமே ஊரிகம் கடையில வாங்கினது.

அப்பத்தான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நாம ஒண்ணா படிக்கும்போது ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் எங்க வீட்டுக்கு வருவ. பலகாரத் தட்டை வச்சா வயிறு சரியில்லம்ப. அம்மா சீரகத் தண்ணி போட்டுக் குடுக்கும், அதையும் தொடமாட்ட. பாவம், இந்தப் பொண்ணுக்கு இன்னா வியாதியோன்னு அம்மா உனக்காக ஜெபம் பண்ணும். உன் வயித்துக்கு ஒண்ணுமில்ல, எங்க வீட்டுத் தண்ணிதான் உனக்கு ஆவலைன்னு இப்பத்தான் புரியுது.

லவினாவுக்கு ஒண்ணும் புரியல. நீ முழு மார்க் போட்ட சந்தோஷத்துல, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் துடைப்பத்தைக் காட்டிகினு இருக்கா. எங்களுக்கு மட்டும் ஏன் துடைப்பம்னு என்னைக்காவது கேப்பா. அன்னைக்கு உன் வீட்டுக்கே கூட்டிகினு வரேன், நீயே சொல்லு.

குடிக்க எதுவும் எடுத்துகினு வராத. எங்களுக்கு வயிறு சரியில்ல.

ஒரு காலத்துல உன் பெஞ்சுல உக்காந்தவ