சரசக்கா பேரில் ஒரு உதாரணம்

9/6 திங்கள்

காலையிலிருந்து கணவாய்க் காற்று. மழை இல்லை, புழுதிதான். பஞ்சாயத்து ஹாலில் அயல்கூட்டப் பெண்களுக்கு, அதாவது மகளிர் குழுவுக்கு, வகுப்பு: போலி வெப்சைட்டைக் கண்டுபிடிப்பது எப்படி. அதற்கு முன் டி.என்.எஸ். சொல்லியாக வேண்டும். பேரைத் தட்டினால் அது எங்கே இருக்கிறது என்று நம்பர் தேடிக் கொடுக்கும் ஏற்பாடு. போனில் "சின்னம்மா" என்று தொட்டால் நம்பர் போகிறதே, அது மாதிரி.

உதாரணத்துக்கு எக்ஸாம்பிள் டாட் காம் என்று எழுதினேன். அதற்கென்றே ஒதுக்கி வைத்த பேர். யாருக்கும் கேடில்லை. யாருக்கும் புரியவும் இல்லை. ஒருத்தி கொட்டாவி விட்டாள். எனக்கும் வந்தது.

சலித்துப்போய் முன்வரிசையில் சரசக்காவைப் பார்த்தேன். செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறவர். அழித்துவிட்டு "சரசு செக்கு டாட் காம்" என்று எழுதினேன். ஹாலே நிமிர்ந்தது. "அட, நம்ம சரசு!" கடைசி வரைக்கும் கேள்வி. ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு நல்ல வகுப்பு.

வாங்க வேண்டியது: தலைவலி மாத்திரை, மார்க்கர், பால்.

17/6 செவ்வாய்

கால் வலி. பஸ்ஸில் நின்றே வந்தேன். ஹால் வாசலில் சரசக்கா, கையில் எண்ணெய் பாட்டில். புது லேபிள். அடியில் நான் போர்டில் எழுதிய அதே பேர்.

"நீங்க எழுதிக் குடுத்ததுதானுங்க டீச்சர். அடிச்சுட்டேனுங்க."

தேடிப் பார்த்தால் அது வேறொருவருடையது. எங்கோ செக்கு நடத்தும் இன்னொரு சரசு. வேறு முகம், வேறு பாட்டில். எழுதும் முன் பார்த்திருக்க வேண்டியது.

அக்காவிடம் எண்ணெய் வாங்கி விற்கும் பொள்ளாச்சிக் கடைக்காரர் எனக்கு முன்பே பார்த்துவிட்டார். "ஏம்மா, அடுத்தவங்க பேரை ஒட்டிப் போலிச் சரக்கு விக்கறீங்களா?" எண்ணெய்ப் பெட்டி அப்படியே திரும்பி வந்துவிட்டது. ச. அக்காவுக்கு இருக்கிற ஒரே பெரிய கடை.

போலியைக் கண்டுபிடிக்க வகுப்பெடுத்து, ஒரு நல்ல மனுஷியைப் போலியாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

19/6 வியாழன்

காற்று ஓயவில்லை. லீவு. ச. அக்காவோடு பொள்ளாச்சி பஸ். தப்பு என்னுடையது என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"டீச்சரே இப்படிச் சொல்லிக் குடுத்தா எப்படிங்க?"

நியாயம்தான். லேபிளை மாத்திக் கொண்டாங்க, பாக்கலாம் என்றார். அவ்வளவுதான்.

திரும்பும்போது என் டிக்கெட்டையும் அக்காவே எடுத்தார். நாலு திட்டு திட்டியிருக்கலாம். சாயங்காலம் அவர் வீட்டில் பாட்டில்களை அண்டாவில் ஊறப்போட்டு லேபிள் உரித்தோம். நகத்துக்குள் எல்லாம் பசை.

23/6 திங்கள்

மறுபடி வகுப்பு, அதே பாடம். போர்டில் எக்ஸாம்பிள் டாட் காம். கொட்டாவி வந்தால் வரட்டும்.

சரசக்கா வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். கடைசி வரிசை. கை தூக்கினார்.

"ஏனுங்க டீச்சர், இந்தப் பேரு யாரூட்டுதுங்க?"

"யாருதும் இல்லீங்க்கா."

"எம் பேரத்தான் கேக்காம எழுதிப் போட்டீங்க. இந்த எக்ஸாம்பிள்காரங்களயாச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

யாரும் கொட்டாவி விடவில்லை.