மோட்டார் போடும் தெரு

நவம்பர் 3, திங்கள். காலையிலிருந்து தூறல்.
பென்சிலை விட்டுப் பேனா. சர்ச் கூடத்தில் முதியோர் கல்வி வகுப்பு முடிந்தது. "இனிமே தெனமும் நீங்களே எழுதணும்" என்றார் டீச்சரம்மா. எழுதுகிறேன்! குரோம்பேட்டை. பல்லாவரம். தாம்பரம் சானடோரியம். பஸ் போர்டெல்லாம் இனி எனக்கும்தான்.
ராஜாத்தி எட்டிப் பார்த்தாள். "இன்னா, கலெக்டருக்கு மனுவா?" என் பெண்டாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் இதையும் எழுதலாம்: சிவப்புப் புடவையில் இன்று நன்றாக இருந்தாள்.

நவ. 5, புதன். மழை விட்டது.
தெருவில் பள்ளம் தோண்டுகிறார்கள். எங்கள் லைன் வீடுகள் வெள்ளைக்காரன் காலத்தவை. குடிதண்ணீர்க் குழாயும் அப்போதைய இரும்புதான். ஒட்டினாற்போல் சாக்கடை. அதை எடுத்துவிட்டு மூடின குழாய் போடப் போகிறார்களாம். நல்லது. பொக்லைன் நகர்ந்தால் தட்டு, டம்ளர் எல்லாம் ஆடுகிறது.
தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள். வந்ததும் வீட்டுக்கு வீடு மோட்டார் போட்டுக் குழாயிலிருந்து உறிஞ்சுவோம். கூடாதுதான். ஒருத்தன் போட்டால் அடுத்த வீட்டுக்குச் சொட்டு வராது, அதனால் எல்லாரும். எங்கள் மோட்டார் மகன் குமார் வாங்கியது. (இனி கு. முழுப்பெயர் எழுதினால் விரல் வலிக்கிறது.) கண் மூடித் திறப்பதற்குள் குடம் நிறையும்.

நவ. 7, வெள்ளி. வெயில்.
தண்ணீரில் லேசாக மஞ்சள். "மழைத் தண்ணி, அப்டித்தான் இருக்கும்" என்றான் கு.
எதிர்வீட்டு மேரிக்கு வாந்தி. டீக்கடையில் சிரிப்பு: "பானிபூரி துன்னுருக்கும்."
செருப்பு தைக்க வேண்டும். நகம் வெட்ட வேண்டும்.

நவ. 8, சனி. புழுக்கம்.
மேரி ஆஸ்பத்திரியில். ட்ரிப்ஸ் ஏறுகிறது. கோடி வீட்டிலும் பேதி.
சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்னப் பெண். "தாத்தா, பைப்பு எங்கேயோ விரிஞ்சிருக்கு. நீங்க மோட்டார் போட்டு இழுக்கும்போது சாக்கடையையும் சேத்து இழுக்குது. சரி பண்ற வரைக்கும் யாரும் போடாதீங்க. கொதிக்க வெச்சுக் குடிங்க."
தெருவே தலையாட்டியது. பக்கத்து வீட்டுச் செல்வம் அம்மா மேல் சத்தியம் பண்ணினான்.
சுவரில் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். என்னை! கரிக்கட்டையால்: மோட்டார் போடாதீர். ட் மேல் புள்ளி லட்டு மாதிரி பெரிதாகிவிட்டது. தள்ளி நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன்.

நவ. 9, ஞாயிறு. மேகம்.
விடியும்போதே ராஜாத்திக்கும் பேதி ஆரம்பித்துவிட்டது. கண் உள்ளே போயிருக்கிறது. "ஒண்ணுமில்ல, நீ போய் எழுது" என்கிறாள். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கரைக்கத் தண்ணீர் வேண்டும். பானையில் அடி தெரிகிறது. கேன் கடை காலி.
தண்ணீர் வந்தது. ஒரு மோட்டார் சத்தமும் இல்லை. சொட்டுச் சொட்டாக, எல்லாரும் குடத்தோடு. என் எழுத்தைப் படித்துவிட்டு நிற்கிறார்கள் என்று ஒரு பூரிப்பு.
பிறகு ர்ர்ர். செல்வம் வீடு. எங்கள் குழாய் நின்றது.
"டேய் செல்வம், நிறுத்துடா!"
"எம்பொண்ணுக்கும் போய்க்கினே கீது பெருசு. தண்ணிக்கு நான் எங்க போவேன்?"
அடுத்த வீட்டிலும் ர்ர்ர். அதற்கடுத்த வீட்டிலும்.
கு. ஒயரைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். உள்ளே ராஜாத்தி தண்ணீர் கேட்டாள்.
"போடுடா" என்றேன்.
கண் மூடித் திறப்பதற்குள் குடம் நிறைந்தது. மேலே நுரை. அடுப்பில் ஏற்றியிருக்கிறேன். கொதிக்கிறது. இன்னும் கொதிக்கட்டும். நாற்றம் போகவில்லை. மறுபடி கேட்கிறாள்