மூன்று நாட்டுத் தாள்களில் என் முதுகு

மார்ச் 4
ராடார் கோபுரத்துக்கு என் வீட்டு வாசல் கல்மேடையைக் கேட்டார்கள். அமெரிக்க அதிகாரி, ஜப்பான் தூதர், நடுவில் நம் பலாவ் தீவு நாட்டு அமைச்சர். அந்தக் கற்களுக்கடியில் என் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். எங்கள் வழக்கத்தில் குலத்தின் மூத்தவள் முதுகு காட்டினால் நிலம் கிடையாது என்று பொருள். அமைச்சருக்கு இது தெரியாதா? அவர் அம்மாவும் இப்படி உட்கார்ந்தவள்தான்.

மார்ச் 11
இறந்துபோன அக்காவின் மகள் எபில், கொரோர் நகரிலிருந்து மூன்று நாட்டுச் செய்தித்தாள்களும் கொண்டுவந்தாள். ஓட்டல் வேலையில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டவள். மூன்றிலும் ஒரே படம், என் முதுகு. அமெரிக்கத் தாளில் நான் எதிரி வரும் திசையைக் காவல் காக்கிறேன். ஜப்பான் தாளில் இரு நாடுகளுக்கும் பொதுவான கடலை ரசிக்கிறேன். நம் தாளில் கண்கலங்கி ஆசி வழங்குகிறேன்.

"ஆசியா? நான் எப்போடி ஆசி குடுத்தேன்?"

"விடுங்க சின்னம்மா. முதுகாவது அழகா விழுந்திருக்கே."

மார்ச் 12
மூன்று தாள்களின் ஆசிரியர்களுக்கும் எழுதினேன். நானே கற்ற ஆங்கிலம். பிழை இருக்கும். பொய் இருக்காது.

ஏப்ரல் 2
பதில் இல்லை. அளவெடுக்க இருவர் வந்தார்கள். வாசலை மறித்து நின்றேன்.

"ஆளில்லாத எடம்னுதானே சொன்னாங்க?" என்றான் ஒருவன்.

"ஆமா, பேப்பர்லகூட வந்துச்சே," என்றான் மற்றவன்.

"நான் இருக்கேன்டா," என்றேன். மரத்தைச் சுற்றிப் போவதுபோல் என்னைச் சுற்றிப் போய்க் கல்லில் சிவப்புச் சாயம் அடித்தார்கள்.

ஏப்ரல் 9
அவர்கள் சொன்ன தாள்கள் வந்து சேர்ந்தன. வானத்திலிருந்து எடுத்த படம். என் வீடு, கொடியில் என் ஈரப் பாவாடை, அடுப்புப் புகை எல்லாம் தெரிகிறது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மூன்று தாள்களும் இதில் மட்டும் ஒரே சொல்லைப் போட்டிருக்கின்றன: ஆளில்லாத நிலம்.

ஏப்ரல் 10
அப்படியானால் அடுப்பு மூட்டியது யார்?

ஏப்ரல் 23
எபில் வந்தாள். முகத்தைப் பார்க்காமல் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஓட்டல்ல எல்லாரும் துக்கம் விசாரிக்கிறாங்க சின்னம்மா."

"யாரு செத்ததுக்கு?"

சுண்ணாம்பு விரலால் என்னைக் காட்டினாள்.

"நீ என்னடி சொன்னே?"

"நன்றின்னு சொன்னேன். இங்க ஆளில்லன்னு மூணு பேப்பர்லயும் ஒரே மாதிரி வந்திருக்கு. நான் ஒருத்தி மட்டும் அது பொய்னு சொன்னா யாரு நம்புவா?" பிறகு, மெதுவாக: "உங்களுக்கு அப்புறம் மூத்தவ நான்தானாம். அமைச்சர் ஆள் அனுப்பியிருக்காரு."

நான் இருக்கும்போது எனக்கு அப்புறம் என்ன? அப்புறம் என்ன?

ஏப்ரல் 24
போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வாசல் கதவை வெளியே சாத்திவிட்டுப் போயிருக்கிறாள், காலி வீட்டைச் சாத்துவதுபோல்.

மே 6
மறுபடி கூட்டம். மூத்தவள் இடத்தில் எபில். அதிகாரி கேட்டார், தூதர் கேட்டார், அமைச்சர் கேட்டார். அவள் முதுகு காட்டாமல் அவர்களைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவும் செய்தாள். கைகுலுக்கினார்கள். அவர்களுக்கும் கேமராவுக்கும் நடுவே போய் நின்றேன். புகைப்படக்காரன் என்னை நகரச் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டே இருந்தான்.