பதினோரு நிமிடம் வட்டமடித்த விமானம்

மார்ச் 3, செவ்வாய்

நான் ஏன் கேட்கவில்லை?

நேற்று மாலை விமானக் கட்டுப்பாட்டு அறையில் என் ஷிப்ட். நல்ல மழை. இறங்க ஒரே ஓடுபாதை, வானில் ஆறு விமானங்கள். வரிசையில் நான்காவதாக இருந்த விமானி, "எரிபொருள் குறைந்தபட்ச அளவு" என்று ரேடியோவில் சொன்னார். அது தகவல் மட்டும்தான். "மேடே" என்று ஆபத்து அழைப்பு விடுத்தால்தான் வரிசையைக் கலைத்து அவரை முதலில் இறக்க வேண்டும். மேடே அறிவிக்கிறீர்களா என்று நாங்களே கேட்கலாம். கேட்க வாயெடுத்தேன். பின்னால் நின்ற அக்கா (ஷிப்ட் பொறுப்பாளர், பதினெட்டு வருடப் பழக்கம்) தடுத்தாள்.

"அவசரம்னா அவரே சொல்லட்டும். நீ எடுத்துக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் இதே பாட்டைப் பாடுவாங்க."

பதினோரு நிமிடம் சுற்ற விட்டேன். இறங்கும்போது முப்பது நிமிடத்துக்காவது எரிபொருள் மிஞ்ச வேண்டும். ஒன்பது நிமிடத்துக்குத்தான் இருந்ததாம். உள்ளே நூற்று நாற்பது பேர்.

மார்ச் 4

வெள்ளிக்கிழமை விசாரணை. உரிமம் போகலாம். அக்கா சொன்னதை அங்கே சொல்லப் போவதில்லை. ஹெட்செட் என் காதில்தான் இருந்தது.

வீட்டுக்காரர்: "கார்ல பெட்ரோல் விளக்கு எரிஞ்சாலே என்னை உண்டு இல்லைன்னு பண்ணுவ. அவரை மட்டும் விட்டுட்டியா?"

மார்ச் 5

அக்காவின் வாக்குமூல நகல் வந்தது. 'விமானியிடம் உடனே கேட்கும்படி அறிவுறுத்தினேன். பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர்தான் தயங்கினார்.'

இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை கையெழுத்தை மட்டும் பார்த்தேன். அவளுடையதுதான். ரேடியோவில் பேசுவதுதான் பதிவாகும், அறைக்குள் பேசுவது பதிவாகாது. அது அவளுக்குத் தெரியும்.

போன் செய்தேன். "ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு எனக்கு. உனக்கு இன்னும் காலம் இருக்கு, தாங்கிப்ப."

தாங்கிப்பேனாம். நாற்பத்தொன்பது வயசு எனக்கு. யார் எது சொன்னாலும் சந்தேகப்படுறவ நான் — இவளை மட்டும் எதுக்கு நம்பித் தொலைச்சேன்? கூடவே இருந்து குழி பறிக்கிறதுன்னா இதுதானா? நாளைக்கு எல்லாத்தையும் சொல்லிடுவேன்.

மார்ச் 6, வெள்ளி

சொன்னேன். அக்கா மேசையைப் பார்த்தபடி, "பதட்டத்துல அவளுக்கு அப்படிக் கேட்டிருக்கும், பாவம்" என்றாள். ஆதாரம் உண்டா என்றார்கள். இல்லை. மூன்று மாதம் பணி இருக்கையில் உட்காரக் கூடாது, பிறகு மறுதேர்வு.

வெளியே அந்த விமானி காத்திருந்தார். மேடே சொன்னால் கம்பெனிக்கு ஆயிரம் விளக்கம் எழுத வேண்டும், அதனால்தான் தள்ளிப் போட்டேன் என்றார். பிறகு, "உங்க குரல் அவ்வளவு நிதானமா இருந்துச்சு, மேடம். இதோ கூப்பிட்டுடுவீங்கன்னு நெனச்சிட்டே இருந்தேன்" என்றார்.