யாரும் தள்ளாத வண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். உன் பெரியப்பாவைத் தவிர இங்கே எல்லோரும் சுகம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன், அந்தத் ‘தவிர’வைப் பற்றித்தான் இந்தக் கடிதம். என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், நடுவில் வாலாட்டுவாள், பொறுத்துக்கொள். (அக்கா, கண்ணாடி மேல் உட்கார்ந்தது நான்தான். வாசித்துக் காட்டும்போது இந்த வரியைத் தாண்டிவிடுவேன்.)

முழங்கால் போனதிலிருந்து எட்டு மாதமாகப் பெரியப்பா உன் பெரியம்மாவின் கல்லறைக்குப் போகவில்லை. அதற்கு முன்னால் ஒரு காலை தவறியதில்லை என்பது உனக்கே தெரியும். சக்கர நாற்காலி வாங்கி வைத்தேன், ஒருத்தன் தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன குப்பை வண்டியாடா என்று கேட்டுவிட்டார். அப்போதுதான் நான் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் மைதானத்தில் பேட்டரி செத்த கோல்ஃப் வண்டி ஒன்றைக் கழித்துப் போட்டார்கள். அதைக் கேட்டு வாங்கிவந்து, பெரியப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்து, எஞ்சினை இருக்கைக்கு அடியில் பொருத்தி, பின் அச்சுக்குச் சங்கிலி கொடுத்தேன். அவர் மகிழட்டும் என்று ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டு அவருடைய ஹேண்டில்பாரையே வைத்தேன். கால் நீளம், முதுகு உயரம் எல்லாம் அளந்தோம். (தள்ளாத வயதுக்குத் தள்ளாத வண்டி என்று பெயர் வைத்தது நான்.)

ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கி உட்கார வைத்தோம். எஞ்சின் ஓடுகிறது, அவர் பிடியை முறுக்கவில்லை. பிரேக் இறுக்கமா இருக்கு என்றார், சீட்டு உசரம் என்றார். பெரியப்பா லைசென்ஸ் மறந்துட்டீங்களா என்று இவள் கேட்டதற்கும் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்து, ரெண்டு மாசம் ராப்பகலா செஞ்சா குத்தமா சொல்றியேண்ணா என்று கத்திவிட்டேன். அவர் இடது கையால் வலது கையைத் தூக்கி, யாருடையதோ போல மடியில் வைத்தார். இது செத்து ஒரு வருஷம் ஆச்சுடா, ஆக்சிலேட்டரைக் கொண்டுபோய் இதுக்கா வச்ச என்றார். எல்லாவற்றையும் அளந்த நான் அந்தக் கையைப் பார்க்கவில்லையம்மா. சாப்பாட்டுத் தட்டை அறைக்கே கேட்டதும், உன் நாலு கடிதத்துக்கும் பதில் போடாததும், அவர் சொல்லை மீறி நீ அவ்வளவு தூரம் வேலைக்குப் போன கோபம் என்றுதானே நாம் எல்லோரும் நினைத்தோம். டாக்டரிடம் காட்டினோம், விட்டுவிட்டீர்களே, இனி பழையபடி வராது என்றார்.

பிடியை இடப்பக்கம் மாற்றினேன், கிளட்சைக் கால் மிதிக்குக் கொண்டுவந்தேன், ஒரே கியர் போதும் என்று விட்டேன். நேற்று அவரே ஓட்டிக்கொண்டு போனார். பின்னால் வராதே என்றார், ஒரு தெரு தள்ளி நடந்தேன். எஞ்சினை அணைத்துவிட்டுக் கல்லறைமுன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வண்டியைத் திருப்ப மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு ரிவர்ஸ் கியர் ஏது, நான் தள்ள வந்துவிடுவேனோ என்று வாசலில் நின்ற என்னை முறைத்துவிட்டு, கல்லறைத் தோட்டம் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினார்.

அவர் கையைப் பற்றி நீயாக எதுவும் கேட்காதே, கடிதம் மட்டும் போட்டுக்கொண்டே இரு. இரவு வேலை முடிந்து தனியாக வராதே. உள்ளே மடித்திருக்கும் தாளைத் தங்கையின் கிறுக்கல் என்று எறிந்துவிடாதே, பெரியப்பா மூன்று நாள் இடது கையால் எழுதியது, நாங்கள் பிரிக்கவில்லை. நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா

(நான் பிரித்துப் பார்த்தேன், அக்கா. உன் பெயர்தான், ஆறு தடவை. கடைசித் தடவைதான் முழுசாக வந்திருக்கிறது.)